டொங்காவா மக்களின் தாயகமும் ‘நேட்டிவ் லேண்ட்’ இணைய வரைபடமும்

‘நேட்டிவ் லேண்ட் டிஜிட்டல்’ என்பது பூர்வீகக் குடிகள் வாழ்ந்த, இன்றும் வாழ்கின்ற நிலப்பரப்புகளை ஒரே உலக வரைபடத்தில் நிறங்களால் காட்டும் இலவச இணையச் சேவையாகும். கனடாவில் விக்டர் தெம்பிரானோ என்பவர் 2015ஆம் ஆண்டு தனியொருவராகத் தொடங்கிய இந்த முயற்சி, 2018ஆம் ஆண்டு இலாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவாகி, இப்போது பூர்வீகக் குடியினரின் வழிநடத்தலில் இயங்குகிறது. ஓர் ஊரின் பெயரைத் தட்டச்சுச் செய்தால், அந்த ஊர் எந்தெந்த மக்களின் நிலத்தில் அமைந்திருக்கிறது என்பதை அது காட்டுகிறது. நிலம், மொழி, உடன்படிக்கை என்று மூன்று அடுக்குகள் உள்ளன. வேண்டியதை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு மற்றவற்றை மூடிவிடலாம். மட்டக்களப்பில் உயர்தர மாணவர்களுக்கு வரலாறு கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில் கடந்த தவணை முழுவதும் இதை வகுப்பில் பயன்படுத்தினேன். ஒரு மக்கள் கூட்டத்துக்கும் அதன் தாயகத்துக்கும் உள்ள உறவைக் கற்பிக்க இந்தச் சேவை எவ்வளவு தூரம் கைகொடுக்கும், எந்த இடத்துக்குப் பிறகு நாமே தேடிப் போகவேண்டும் என்பதை, வட அமெரிக்காவின் டொங்காவா மக்களை எடுத்துக்காட்டாக வைத்து இங்கே மதிப்பிடுகிறேன்.

முதலில் அதன் பெரிய பலத்தைச் சொல்லிவிட வேண்டும். நம் பாடப்புத்தகங்களில் வரும் வரைபடங்கள் ஒவ்வொரு நாட்டையும் ஒரு கோட்டுக்குள் அடைத்து, ஒரு நிறத்தைப் பூசி, அடுத்த நாட்டை அதற்கு வெளியே நிறுத்துபவை. இந்த வரைபடம் அப்படிச் செய்வதில்லை. ஒரு மக்களின் நிலத்தின் மேல் இன்னொரு மக்களின் நிலம் படிந்து கிடக்கிறது. டெக்சாஸ் மாநிலத்தின் தலைநகரான ஒஸ்டினைத் தேடினால் டொங்காவா, கொமாஞ்சி, லிப்பன் அப்பாச்சி என்று பல பெயர்கள் ஒன்றாக எழுந்து வருகின்றன. அவற்றுள் யாருக்கு அந்த நிலம் சொந்தம் என்று வரைபடம் தீர்ப்புச் சொல்வதில்லை. தன்னுடைய கோடுகள் உத்தியோகபூர்வமான எல்லைகளோ சட்டபூர்வமான எல்லைகளோ அல்ல என்றும், உறுதியாக அறிய விரும்புகிறவர்கள் அந்தந்த மக்களிடமே கேட்க வேண்டும் என்றும் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. காணி எல்லைக்காக அண்ணன் தம்பி கூட வழக்காடுகிற மாவட்டத்தில் வாழ்கிறவன் நான். எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படிவது இயல்பு என்று மாணவர்கள் கண்ணால் பார்ப்பதற்கு இதைவிடச் சிறந்த கருவியை நான் அறியேன்.

டொங்காவா மக்கள் எங்கள் வகுப்புக்குள் வந்தது ஒரு மாணவியின் கேள்வியால்தான். தன் மாமா ஒஸ்டினில் வேலை செய்வதால் அந்த நகரத்தைத் தேடிப் பார்த்த அவள், திரையில் தோன்றிய பெயரைக் காட்டி, “சேர், இந்த ஆக்கள் இப்ப எங்க இரிக்காங்க?” என்று கேட்டாள். “தேடிப் பாருங்க மகள், எனக்கும் சொல்லுங்க” என்றேன். அந்தக் கேள்விக்கு ஒரு நிறத்தால் விடை சொல்ல முடியாது. மத்திய டெக்சாசின் மேல் பரந்து கிடக்கும் அந்த நிறப்பரப்பில் இன்று டொங்காவா மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட குடியிருப்பு நிலம் எதுவும் இல்லை. அவர்களின் ஆட்சி மன்றமும் அலுவலகங்களும் வடக்கே ஒக்லஹோமா மாநிலத்தின் கே கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு) இருக்கின்றன. தாயகம் ஓரிடம், வாழிடம் வேறிடம் என்ற இந்த நிலை எப்படி வந்தது என்பதைத் தேடத் தொடங்கியபோதுதான் இந்தச் சேவையின் அருமையும் எல்லையும் ஒருசேர விளங்கின.

இனி அந்த நிறத்துக்குக் கீழே உள்ள வரலாற்றைப் பார்ப்போம். டொங்காவா என்று இன்று ஒரே பெயரில் அறியப்படுகிறவர்கள் முற்காலத்தில் மாயேயே, யொகுவானே, எர்விபியாமே முதலான பல குழுக்களாக வாழ்ந்து, 18ஆம் நூற்றாண்டில் படிப்படியாக ஒன்றிணைந்தவர்கள். காட்டெருமையையும் மானையும் வேட்டையாடி, பிக்கான் கொட்டைகளும் கிழங்குகளும் சேகரித்து, பிராசோஸ், கொலராடோ முதலிய ஆறுகளின் கரையோரமாக இடம் மாறி மாறி வாழ்ந்தார்கள். 1740களின் பிற்பகுதியில் ஸ்பானியர்கள் இன்றைய மிலாம் கவுண்டியில், சான் கேபிரியல் ஆற்றங்கரையில், இவர்களுக்காகவும் அயல் குழுக்களுக்காகவும் கத்தோலிக்க மிசன்களை (மதப்பரப்பு நிலையங்களை) அமைத்தார்கள். 1755ஆம் ஆண்டில் அவை கைவிடப்பட்டன. இவர்களின் பழைய இருப்பிடம் எது என்பதில் ஆய்வாளர் சிலர் வேறு கருத்துக் கொண்டிருக்கிறார்கள்: 1601ஆம் ஆண்டளவில் இவர்கள் இன்றைய ஒக்லஹோமாவின் வடமேற்கில் இருந்து, பின்னர் அப்பாச்சிகளின் நெருக்குதலால் தெற்கே வந்தார்கள் என்பது அவர்களின் வாதம். டொங்காவா மக்களின் மரபோ, தாங்கள் தோன்றியதே மிலாம் கவுண்டியில் உள்ள செம்மலை ஒன்றில்தான் என்கிறது. வரைபடத்தில் ஒரு நிறத்தைப் பூசுகிறவர் இந்த இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுத்தே ஆகவேண்டும். ஒரு மக்களின் தாயகம் எது என்று கேட்கும்போது அந்த மக்களின் சொந்த மரபுக்கு முதலிடம் கொடுப்பதே முறை என்பது என் துணிபு. மற்றதைப் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

19ஆம் நூற்றாண்டுக்கு வந்தால் கதை கனக்கத் தொடங்குகிறது. மெக்சிக்கோவிலிருந்து பிரிந்த டெக்சாஸ் குடியரசோடு டொங்காவா மக்கள் 1837இலும் 1838இலும் சமாதான உடன்படிக்கைகள் செய்துகொண்டார்கள். கொமாஞ்சிகளோடு இருந்த பழைய பகையினாலும் புதிதாய் வந்தவர்களின் நட்பை நம்பியதாலும் குடியேற்றவாசிகளின் பக்கம் நின்று போரிட்டார்கள். 1840 ஆகஸ்டில் பிளம் கிரீக் என்னும் இடத்தில் நடந்த சண்டைக்கு, தலைவர் பிளாசிடோவும் அவருடைய 13 வீரர்களும் குதிரைகளோடு ஈடுகொடுத்து ஏறத்தாழ 30 மைல் தூரம் ஓடியே வந்து சேர்ந்தார்கள். எதிரி என்று நினைத்துத் தம்மைத் தம் பக்கத்தாரே சுட்டுவிடாமல் இருக்க, கையில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு சண்டையிட்டார்கள். இந்த நட்புக்கு அவர்களுக்குக் கிடைத்த கைம்மாறு என்ன என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அவர்களின் தாயக உறவைப் பேச முடியாது.

1845ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவோடு இணைந்தபோது டெக்சாஸ் தன் அரச காணிகளைத் தானே வைத்துக்கொண்டது. மற்ற மாநிலங்களில் மத்திய அரசு தன்னிடமிருந்த நிலத்தில் பூர்வீகக் குடிகளுக்கு ஒதுக்கிடம் வகுத்தது போல் இங்கே வகுக்க முடியவில்லை. மாநிலம் மனம் வைத்துக் கொடுத்தால்தான் உண்டு. 1854இல் மாநிலம் சிறிது நிலத்தை விட்டுக்கொடுத்ததால், பிராசோஸ் ஆற்றங்கரையில் ஓர் ஒதுக்கிடம் உருவாகி, 1855 முதல் டொங்காவா மக்களும் கடோ, வேக்கோ முதலிய பிறரும் அங்கே குடியேறினார்கள். வீடு கட்டிப் பயிர் செய்யத் தொடங்கிச் சில ஆண்டுகள் கூட ஆகவில்லை. அயலிலிருந்த குடியேற்றவாசிகளின் தாக்குதல்களால் 1859ஆம் ஆண்டு அவர்கள் எல்லோரும் சிவப்பாற்றைக் கடந்து இந்தியன் டெரிட்டரி எனப்பட்ட, இன்றைய ஒக்லஹோமாவான பகுதிக்கு வெளியேற்றப்பட்டார்கள். அவர்களைப் பாதுகாப்பாகக் கூட்டிச் சென்று விட்ட அரசாங்க அதிகாரி ரொபர்ட் நெய்பர்ஸ், டெக்சாசுக்குத் திரும்பி வந்ததும் பெல்க்னப் கோட்டைக்கு அருகில் சுட்டுக் கொல்லப்பட்டார். பூர்வீகக் குடிகளுக்காகப் பேசினார் என்ற வெறுப்பே அதற்குப் பின்னால் இருந்தது.

புதிய இடமும் அவர்களைக் காக்கவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது டொங்காவா மக்கள் தென்மாநிலங்களின் பக்கம் நின்றார்கள். 1862 அக்டோபர் 23, 24ஆம் திகதிகளில், இன்றைய அனடார்கோ நகருக்கு அருகில், வடபுலத்தை ஆதரித்த பிற பூர்வீகக் குழுக்கள் அவர்களின் முகாம்களைத் தாக்கின. ஏறத்தாழ 300 பேர் கொண்ட அந்தச் சமூகத்தில் 137 பேர் அளவில் கொல்லப்பட்டார்கள். பிளம் கிரீக்குக்கு ஓடி வந்த பிளாசிடோவும் அவர்களுள் ஒருவர். தப்பியவர்கள் எங்கே போனார்கள் என்பதைத்தான் நான் மாணவர்களை நின்று கவனிக்கச் சொல்வேன். தங்களை விரட்டிய டெக்சாசுக்கே அவர்கள் திரும்பிப் போனார்கள். கிரிபின் கோட்டைக்குப் பக்கத்தில் குடியமர்ந்து, அமெரிக்க இராணுவத்துக்கு வழிகாட்டிகளாகவும் உளவறிபவர்களாகவும் பணிபுரிந்தார்கள். 1874ஆம் ஆண்டு சிவப்பாற்றுப் போரில் கேணல் மெக்கென்சியின் படைக்குத் தடம் காட்டியவர்களிலும் டொங்காவா வீரர்கள் இருந்தார்கள். 1881இல் கோட்டை மூடப்பட்டதும் அவர்களுக்கு அங்கே இருக்கச் சம்பளமும் இல்லை, காணியும் இல்லை.

1884 அக்டோபரில் கடைசி வெளியேற்றம் நடந்தது. கிரிபின் கோட்டையிலிருந்து சிஸ்கோ என்ற ஊருக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து ரயிலில் ஏற்றப்பட்டார்கள். அந்தப் பயணத்தில் பிறந்த ஒரு குழந்தைக்கு ‘ரெயில்ரோட் சிஸ்கோ’ என்று பெயரிட்டதாக டொங்காவா மக்கள் இன்றும் சொல்கிறார்கள். மாரிகாலம் முழுவதும் சாக் அன்ட் பொக்ஸ் மக்களின் ஒதுக்கிடத்தில் தங்கி, வசந்தத்தில் மீண்டும் புறப்பட்டு, 1885 ஜூன் 30ஆம் திகதி, இன்றைய ஒக்லஹோமாவிலுள்ள ஓக்லண்ட் என்னும் இடத்தை அடைந்தபோது அவர்கள் 92 பேர். அந்த இடமும் வெற்றிடமாகக் கிடந்ததல்ல. வடமேற்கிலிருந்து போரில் தோற்று நாடுகடத்தப்பட்ட நெஸ் பெர்ஸ் மக்களும் அவர்களின் தலைவர் ஜோசப்பும் 1879 முதல் அங்கே அடைக்கப்பட்டிருந்து, அதே ஆண்டு மே மாதத்தில்தான் வடமேற்குக்குத் திரும்ப அனுமதி பெற்றுப் புறப்பட்டிருந்தார்கள். ஓர் அகதிக் கூட்டம் விட்டுப்போன குடிசைகளுக்குள் இன்னோர் அகதிக் கூட்டம் ஒரு மாத இடைவெளியில் வந்து புகுந்தது. இதை வகுப்பில் சொன்னபோது, 1990க்குப் பிறகும், 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகும், வாகரைச் சண்டைகளின் போதும் பாடசாலைக் கட்டடங்களும் முகாம்களும் இப்படித்தான் கைமாறின என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறிந்திருந்த பிள்ளைகளுக்கு மேலதிக விளக்கம் தேவைப்படவில்லை.

ஒக்லஹோமாவில் கிடைத்த நிலமும் முழுமையாக நிலைக்கவில்லை. ஏறத்தாழ 91,000 ஏக்கர் ஒதுக்கிடம் 1891ஆம் ஆண்டு தனித்தனித் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது. ஆளுக்கொரு பங்கு போக மிகுதி ‘உபரி’ என்று கணக்கிடப்பட்டு, 1893 செப்டெம்பரில் வெளியாருக்குத் திறந்துவிடப்பட்டது. அப்படி வந்தவர்கள் அமைத்த நகரத்துக்கு வைத்த பெயரும் டொங்காவா என்பதுதான். 1921ஆம் ஆண்டில் டொங்காவா மக்களின் தொகை 34 ஆகக் குறைந்திருந்தது. அந்த 34 பேரிலிருந்து மீண்டெழுந்து, 1938இல் தங்கள் சொந்த ஆட்சி யாப்பை அமைத்துக்கொண்டு, இன்று பல நூறு பேராகப் பெருகியிருக்கிறார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதக் கடைசி வாரத்தில் அவர்கள் பவ்வாவ் எனப்படும் ஒன்றுகூடலை நடத்துகிறார்கள். 1885 ஜூனில் அந்த மண்ணை வந்தடைந்த நாளையொட்டியே காலம் குறிக்கப்பட்டிருக்கிறது. நம் மாவட்டத்தில் எங்கெங்கோ குடிபோனவர்கள் வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு ஊர் வந்து சேர்வது போலத்தான் அங்கேயும் உறவுகள் கூடுகின்றன என்று மாணவர்களுக்குச் சொன்னேன். ஆனால் நம் சடங்கு பிறந்த ஊருக்குத் திரும்பும் நாள், அவர்களுடையது ஊரை இழந்து வந்து சேர்ந்த நாள் என்ற வேறுபாட்டையும் சேர்த்தே சொன்னேன். இழந்து வந்து சேர்ந்த நாளைத் துக்கநாளாக வைத்து மூடிவிடாமல், ஆட்டமும் பாட்டுமாகப் பிள்ளைகளுக்குக் கையளிக்கிற அந்த மக்களின் நெஞ்சுறுதியை நான் வியக்கிறேன்.

இத்தனையும் நடந்த பிறகு, 2023ஆம் ஆண்டின் இறுதியில் டொங்காவா மக்கள் டெக்சாஸ், மிலாம் கவுண்டியில், கோஸ் என்ற சிற்றூருக்கு அருகில் 60 ஏக்கர் நிலத்தை விலை கொடுத்து வாங்கினார்கள். சுகர்லோப் என்று பிறர் அழைக்கும் குன்று அந்த 60 ஏக்கருக்குள் இருக்கிறது. டொங்காவா மரபில் அதன் பெயர் நாதோன் சாமோக்ஸ், அதாவது செம்மலை. தாங்கள் தோன்றிய இடம் என்று அவர்கள் சொல்லிவந்த மலை அதுதான். ஸ்பானியர் காலத்து அரச பாதையான எல் கமினோ ரியல் டெ லொஸ் தெகாசின் அருகில் அது அமைந்திருப்பதால், அந்தப் பாதையைப் பேணும் சங்கமும் இந்த முயற்சியில் துணை நின்றது. பொதுமக்களும் வந்து பார்க்கக்கூடிய வரலாற்றுப் பூங்காவாக அதை ஆக்குவது அவர்களின் திட்டம். 60 ஏக்கர் என்றால் எவ்வளவு என்று படுவான்கரைப் பிள்ளைகளுக்கு நான் அளந்து காட்டத் தேவையில்லை. ஒரு வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) சில போடிமாரின் (வயற்சொந்தக்காரரின்) வயல்களைச் சேர்த்தாலே அந்தப் பரப்பு வந்துவிடும். மத்திய டெக்சாஸ் முழுவதும் பரந்திருந்த ஒரு தாயகத்தில் இன்று அவர்கள் பெயரில் உறுதி எழுதப்பட்டிருக்கும் இந்த நிலம் கைப்பிடி அளவுதான். ஆனால் தேர்ந்து வாங்கியது எந்த இடத்தை என்பதில்தான் அவர்களின் தாயக உறவு முழுவதும் வெளிப்படுகிறது. அரசாங்கம் கொடுத்த இழப்பீடாக வராமல், தங்கள் காசைக் கொடுத்து, 140 ஆண்டுகளுக்கு முன் தங்களை ரயிலேற்றி அனுப்பிய மாநிலத்திலேயே, தோன்றிய மலையைத் தேடி வாங்கினார்கள்.

இனி வரைபடத்துக்குத் திரும்பலாம். மேலே சொன்ன எதையும் அந்த நிறம் மட்டும் சொல்வதில்லை. அதில் காலத்தைக் காட்டும் அடுக்கு கிடையாது. 1740களின் டொங்காவா நிலமும், 1855இன் ஒதுக்கிடமும், 1885இல் வந்து சேர்ந்த ஓக்லண்டும், 2023இல் வாங்கிய மலையும் ஒன்றன்பின் ஒன்றாக விரிவதைப் பார்க்க வழியில்லை. பூர்வீக நிலம் என்றால் அது என்றோ முடிந்துபோன ஒன்று என்ற எண்ணம் பிள்ளைகளின் மனத்தில் படிந்துவிடும் ஆபத்து இதில் இருக்கிறது. ஆசிரியர் பக்கத்தில் நின்று, “இது பழைய கதை இல்லை, இப்பவும் நடந்துகொண்டிருக்குது” என்று சொல்லவேண்டியிருக்கிறது.

உடன்படிக்கை அடுக்கைப் பற்றியும் இதே போன்ற எச்சரிக்கை அவசியம். எழுத்தில் ஒப்பந்தம் செய்து, எல்லை குறித்து, நிலம் கைமாறிய இடங்களில் அந்த அடுக்கு மிகவும் பயனுள்ளது. எந்த ஆண்டில் எந்தத் துண்டு யாரிடமிருந்து போனது என்று ஒரு தொடுகையில் தெரிகிறது. ஆனால் டெக்சாஸ் குடியரசோடு டொங்காவா மக்கள் செய்துகொண்டவை சமாதான உடன்படிக்கைகளே தவிர நில விற்பனைகள் அல்ல. விற்காமலே இழந்தவர்களின் கதை தாளில் கோடாக விழுவதில்லை. தாளில் விழாததை வரைபடக்காரரும் வரைய முடியாது. ஆகவே அந்த அடுக்கில் ஓரிடம் வெறுமையாகவோ மெலிந்தோ தோன்றினால், அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று மாணவர்கள் முடிவுகட்டாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

மொழி அடுக்கு சுருக்கமானது, ஆனால் நல்லது. டொங்காவா மொழி வேறெந்த மொழிக் குடும்பத்தோடும் சேராத தனிமொழி. அதைப் பிறப்பிலிருந்து பேசியவர்கள் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் மறைந்துவிட்டார்கள். ஹரி ஹொய்ஜர் என்ற மொழியியலாளர் அதற்கு முன்பே முதியவர்களிடம் கேட்டு எழுதி, 1933இல் இலக்கணம் வெளியிட்டிருந்ததால்தான் இன்றைய தலைமுறை அதை மீண்டும் கற்கப் பிடிமானம் கிடைத்திருக்கிறது.

இந்தச் சேவையின் ஆகச் சிறந்த அம்சம் என்று நான் கருதுவது, ஒவ்வொரு நிறத்தையும் தொடும்போது திறக்கும் பக்கம். வரைந்தவர்கள் எதை ஆதாரமாகக் கொண்டார்கள் என்பதும், அந்த மக்களைப் பற்றி மேலும் அறிய எங்கே போகலாம் என்பதும் அங்கே இருக்கின்றன. நான் மாணவர்களை அங்கிருந்து நேரே டொங்காவா மக்களின் சொந்த இணையத்தளத்துக்கு அனுப்பினேன். 1884ஆம் ஆண்டுப் பயணத்தை அவர்களே சொல்லும் சொற்களில் படித்த பிறகு, வகுப்பின் பேச்சே மாறிவிட்டது. ‘அவர்கள் விரட்டப்பட்டார்கள்’ என்று எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள், ‘அவர்கள் திரும்பி வந்தார்கள்’ என்ற வாக்கியத்தையும் எழுதத் தொடங்கினார்கள். பிறர் வரைந்த நிறத்தில் நின்றுவிடாமல், அந்த மக்களின் குரலுக்குக் கதவு திறந்துவிடுவதால்தான் இதை நான் மற்ற ஆசிரியர்களுக்கு மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

நம் மாவட்டங்களிலும் இப்படி ஒரு வரைபடம் தேவை என்ற எண்ணம் வகுப்பில் தானாகவே எழுந்தது. இலங்கையின் பூர்வீகக் குடிகளான வேடர்களுள் வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர்களை 1911இல் மானிடவியலாளர் செலிக்மன் தம் ஆய்வில் பதிவு செய்திருக்கிறார். இன்று தமிழ் பேசி, கடற்றொழிலும் காட்டுத்தொழிலும் செய்து வாழும் அந்தக் குடும்பங்களின் பழைய நடமாட்டப் பரப்பு நம் பாடப்புத்தகத்தில் இல்லை. அம்பாறையில் கல்லோயாத் திட்டத்தின் நீர்த்தேக்கம் எழுந்தபோதும், 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனம் செய்யப்பட்டபோதும் வேடர் குடும்பங்கள் இடம் மாற்றப்பட்டன. தெகியத்தகண்டியப் பிரதேசத்து ஹெனானிகலைக் குடியேற்றம் அப்படி உருவானதுதான். டொங்காவா மக்களின் 1859ஐயும் 1884ஐயும் படித்த பிள்ளைகள், ஹெனானிகலையில் இருப்பவர்கள் தங்கள் பழைய காட்டுக்குள் தேன் எடுக்கப் போக இப்போது யாரிடம் அனுமதி கேட்கவேண்டும் என்று கேட்டார்கள். அது நல்ல கேள்வி. அதற்கான விடையை அந்த மக்களிடமே கேட்டு எழுதுவதை அடுத்த தவணைக்கான செயற்றிட்டமாக வைத்திருக்கிறோம்.

பயன்படுத்த நினைக்கும் ஆசிரியர்களுக்கு நடைமுறையில் சில விடயங்களைச் சொல்லவேண்டும். கைத்தொலைபேசிச் செயலியும் உண்டு. ஆனால் சின்னத் திரையில் ஒன்றன்மேல் ஒன்று படிந்த நிறங்களில் விரல் வைத்து ஒன்றைத் தெரிந்தெடுப்பது சிரமம். கணினியில் திறந்து புரொஜெக்டரில் சுவரில் விழுத்தினால்தான் வகுப்பு முழுவதும் பார்க்கலாம். நகரத்துக்கு வெளியே உள்ள பாடசாலைகளில் இணைய இணைப்பு மெதுவாக இருப்பதால், வேண்டிய பக்கங்களைப் பாடவேளைக்கு முன்பே திறந்து வைத்துக்கொள்வது நல்லது. தமிழில் பார்க்க வசதியில்லை. பெயர்களை நாமே தமிழில் எழுதிப் பலகையில் போடவேண்டும். அந்த அமைப்பே வெளியிட்டுள்ள ஆசிரியர் கைநூல் வட அமெரிக்க வகுப்பறைகளை நினைத்து எழுதப்பட்டது. அதிலுள்ள கேள்விகளை நம் பிள்ளைகளுக்கேற்ப மாற்றிக்கொண்டால் நன்றாகப் பயன்படுகிறது. நவீன நகரங்களின் பெயர்களையும் எல்லைகளையும் மேலே தோன்றவும் மறையவும் செய்யும் ஒரு பொத்தான் இருக்கிறது; முதலில் அதை மறைத்து வைத்து, ஆறுகளையும் மலைகளையும் மட்டும் பார்க்கச் செய்துவிட்டுப் பிறகு திறந்து காட்டுவது பிள்ளைகளை நன்றாக யோசிக்க வைக்கிறது.

டொங்காவா மக்களை எடுத்துக்கொள்ள விரும்புகிறவர்கள், ஒஸ்டினில் தொடங்காமல் மிலாம் கவுண்டியிலுள்ள கோஸ் என்ற ஊரில் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அங்கிருந்து வடமேற்கே பிராசோஸ் ஆற்றை மேலே பின்தொடர்ந்து பெல்க்னப் கோட்டைக்கும், பிறகு கிரிபின் கோட்டைக்கும், அங்கிருந்து சிஸ்கோவுக்கும், கடைசியாக ஒக்லஹோமாவின் டொங்காவா நகருக்கும் வரைபடத்தை நகர்த்திச் செல்லலாம். செம்மலைக்கும் டொங்காவா நகருக்கும் இடையில் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 650 கிலோமீற்றர் இருக்கும். பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை வரையுள்ள நம் தீவின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு அது. அந்தத் தூரத்தைச் சுவரில் விரலால் இழுத்துக் காட்டியபின், 2023இல் வாங்கிய 60 ஏக்கரை அதே சுவரில் குறித்துக் காட்டச் சொன்னால், பென்சில் முனையைவிடச் சிறிய புள்ளிதான் வைக்க முடியும். அந்தப் புள்ளியைத் தாங்களே வைக்க வகுப்பில் பல கைகள் உயரும்.